‘பிரேக்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கையாள்வது எப்படி: சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் ‘பிரேக்’ என்றால் உடைப்பது. பள்ளியில் அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள், நம்மில் பலர் அதை மட்டும் வைத்துக்கொண்டு விமானம் ஏறி சாங்கியில் வந்து இறங்கிவிட்டோம். இங்கே பார்த்தால் காலைச் சாப்பாட்டுக்குள் ஒரு பிரேக் இருக்கிறது, ரயில் நடுவழியில் நின்றால் பிரேக், டீ குடிக்கப் போனால் பிரேக், விலையைப் பிரித்துக் காட்டச் சொன்னால் பிரேக், காதல் முறிந்தால் பிரேக், ரமலான் மாதத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மலாய் நண்பர் ‘டைம் டு பிரேக் ஃபாஸ்ட்’ என்று எழுந்து போவதும் பிரேக். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அப்புறம் தனியாக யாரிடமாவது கேட்டுக்கொள்கிறோம்.

எல்லாப் பொருளையும் இங்கே பட்டியல் போடப் போவதில்லை. அகராதியில் அது பக்கம் பக்கமாக ஓடும், கடைசிப் பக்கம் வருவதற்குள் முதல் பக்கம் மறந்துவிடும். புதிதாக ஒரு பிரேக் காதில் விழும்போது அதை நீங்களே பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வழியைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் வாயில் சரியாக வரட்டும்

பிரேக், புரோக், புரோக்கன். மூன்று வடிவம்தான். ‘பிரேக்ட்’ என்று ஒன்று கிடையாது, குழந்தைகள் மட்டும்தான் அப்படிச் சொல்லலாம்.

வண்டியை நிறுத்தும் பிரேக் வேறு சொல். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஒலி ஒன்றுதான். தமிழில் எழுதும்போது இரண்டும் ‘பிரேக்’ ஆகிவிடுவதால் நமக்கு எப்போதும் ஒரு குழப்பம். ‘அந்தப் படம்தான் அவருக்கு பிரேக்’ என்று எழுதினால் அவர் மேலே போனாரா, அங்கேயே நின்றுபோனாரா என்று முழு வாக்கியத்தையும் படித்தால்தான் தெரியும்.

காலைச் சாப்பாட்டில் மட்டும் ஒலி மாறும். ‘பிரேக்ஃபாஸ்ட்’ என்று சொல்லாதீர்கள், ‘பிரெக்ஃபஸ்ட்’ என்று குறுக்கிச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் கிடந்த நோன்பை காலையில் முடிப்பதால் வந்த பெயர். அதே இரண்டு சொற்களைத் தனித்தனியாக, நீட்டி, ‘பிரேக் ஃபாஸ்ட்’ என்று சொன்னால் இஃப்தார். நோன்பு மாதத்தில் சாயங்கால விருந்துக்கு அழைப்பு வந்தால் எந்த வேளைச் சாப்பாடு என்று முழிக்க வேண்டாம்.

இன்னொன்று, இது முக்கியம். ‘ஐ ஆம் புரோக்’ என்றால் கையில் காசில்லை. ‘ஐ ஆம் புரோக்கன்’ என்றால் மனசு நொறுங்கிப் போயிருக்கிறேன். மாதக் கடைசியில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட நண்பருக்கு இரண்டாவதை அனுப்பிப் பாருங்கள், அவர் பதறிப்போய் போன் செய்வார்.

படி 2: எது தொடர்ந்துகொண்டிருந்தது என்று கேளுங்கள்

இதுதான் சாவி. பிரேக் என்று எங்கே கேட்டாலும் அதற்கு முன்னால் ஏதோ ஒன்று முழுசாக, இடைவெளி விடாமல் இருந்திருக்கிறது, அது இப்போது அறுந்துவிட்டது. கோப்பை முழுசாக இருந்தது, அமைதி நீண்டுகொண்டிருந்தது, பயணம் தொடர்ந்துகொண்டிருந்தது, பட்டினி தொடர்ந்துகொண்டிருந்தது. கண்ணால் பார்க்கக்கூடிய பொருளா, கண்ணுக்குத் தெரியாத விஷயமா என்றெல்லாம் ஆங்கிலம் பார்ப்பதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.

நம் மொழி அப்படியில்லை. கண்ணாடி உடையும், கிளை ஒடியும், எலும்பு முறியும், நூல் அறும், முறுக்கு நொறுங்கும், மௌனம் கலையும், சட்டம் மீறப்படும், வாக்கு தவறும், சாதனை முறியடிக்கப்படும். பொருளுக்குத் தக்க வினை. நூல் உடைந்தது என்று ஒரு குழந்தை சொன்னால்கூட நாம் திருத்துவோம். இவ்வளவு நுணுக்கமாகப் பழகிய நாக்கு ஆங்கிலத்துக்குப் போகும்போது, ‘பிரேக்’ என்பதை ‘உடை’க்கு மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதற்கெல்லாம் வேறு சொல் தேடுகிறது. தேட வேண்டாம். ‘பிரேக் த லா’, ‘பிரேக் எ பிராமிஸ்’, ‘பிரேக் த சைலன்ஸ்’, ‘பிரேக் த ரெக்கார்ட்’ என்று கூச்சமில்லாமல் ஒரே வினையைப் போடலாம். தமிழுக்குத் திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். ‘சட்டத்தை உடைத்தான்’ என்று எழுதுவது ஆங்கில வாடை.

சாதனை என்றதும் ஜோசஃப் ஸ்கூலிங்தான் நினைவுக்கு வருகிறார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் 50.39 விநாடியில் நீந்தி ஒலிம்பிக் சாதனையை முறியடித்து சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் அது ‘புரோக் த ஒலிம்பிக் ரெக்கார்ட்’. பழைய சாதனை அதுவரை அசையாமல் நின்றது, அன்றைக்கு விழுந்தது. படி 2-இன் கேள்வி இங்கேயும் பொருந்துகிறது பாருங்கள்.

நோன்பு விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆங்கிலம் கோட்டை விடும் இடம் இது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் ஜாமியா சூலியா பள்ளிவாசலிலோ டன்லப் தெருவில் இருக்கும் அப்துல் கஃபூர் பள்ளிவாசலிலோ நோன்புக் கஞ்சியோடு உட்கார்ந்திருக்கும் தமிழ் முஸ்லிம்களைக் கேளுங்கள், ‘நோன்பு திறக்கிறோம்’ என்பார்கள். ‘நோன்பு முறிந்தது’ என்றால் அதற்கு நேர் எதிர். பகலில் ஏதோ சாப்பிட்டோ குடித்தோ நோன்பு செல்லாமல் போய்விட்டது என்று அர்த்தம். நோன்பை முறிக்கும் காரியங்கள் என்று மார்க்க வகுப்பில் தனிப் பாடமே எடுப்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘பிரேக்’தான். ‘ஹி புரோக் ஹிஸ் ஃபாஸ்ட்’ என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் மணியைப் பாருங்கள். மணி ஏழு தாண்டியிருந்தால் திறந்திருக்கிறார், மத்தியானமாக இருந்தால் முறித்திருக்கிறார். மொழிபெயர்க்கும் வேலையில் இருப்பவர்கள் இதில் சறுக்கினால் படிப்பவர் மனம் புண்படும், ஆகவே எச்சரிக்கை.

படி 3: ‘விடு’ என்று போட்டுப் பாருங்கள்

எந்த வழிகாட்டியிலும் நான் பார்க்காத ஒரு தந்திரம். ‘உடை’ பொருந்தவில்லையா, ‘விடு’ பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆச்சரியமாகப் பல இடத்தில் பொருந்தும்.

‘த ஃபீவர் புரோக் லாஸ்ட் நைட்’: நேற்று ராத்திரி காய்ச்சல் விட்டது. பலதுறை மருந்தகத்தில் தாதி ‘ஹேஸ் த ஃபீவர் புரோக்கன்?’ என்று கேட்டால் காய்ச்சல் விட்டதா என்றுதான் கேட்கிறார், வேறு எதுவும் உடையவில்லை. ‘எ பிரேக் இன் த ரெயின்’: மழை கொஞ்சம் விட்டது. ‘பிரேக் எ ஹேபிட்’: பழக்கத்தை விடுவது. ‘ஸ்கூல் பிரேக்ஸ் அப்’ என்று பிரிட்டிஷ்காரர்கள் சொல்வது பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு என்பது. எம்ஆர்டி சுரங்கத்துக்குள் போகும்போது போனில் ‘யூ ஆர் பிரேக்கிங் அப்’ என்கிறார்களே, அது? உங்கள் குரல் விட்டு விட்டு வருகிறது! தொடர்ந்து வந்த ஒன்று நின்றுபோவதற்கு ஆங்கிலம் உடைப்பைப் பிடித்துக்கொண்டது, நாம் பிடியைத் தளர்த்துவதைப் பிடித்துக்கொண்டோம்.

மருத்துவமனைப் பக்கம் போனதால் இரண்டு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ‘ஹெர் வாட்டர் புரோக்’ என்றால் பனிக்குடம் உடைந்துவிட்டது, இங்கே ஆங்கிலமும் தமிழும் கைகோத்துக்கொள்கின்றன, உடனே வண்டி பிடியுங்கள். ‘டிட் இட் பிரேக் த ஸ்கின்?’ என்று விழுந்த பிள்ளையையோ நாய் கடித்தவரையோ பார்த்து டாக்டர் கேட்டால், தோல் கிழிந்து ரத்தம் வந்ததா, வெறும் கன்றலா என்று கேட்கிறார். ஊசி போட வேண்டுமா என்று முடிவு செய்வதற்கான கேள்வி அது, யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

பையன்களுக்குக் குரல் மாறுவதும் ‘ஹிஸ் வாய்ஸ் இஸ் பிரேக்கிங்’தான். நாம் மகரக்கட்டு என்போம்.

படி 4: பிரேக் பெயர்ச்சொல்லாக வந்தால் அதற்கு முன்னால் இருக்கும் வினையைப் பாருங்கள்

‘டேக் எ பிரேக்’ என்றால் ஓய்வு எடு. ‘கெட் எ பிரேக்’ என்றால் பெரும்பாலும் வாய்ப்பு கிடைத்தது. ‘கிவ் ஹிம் எ பிரேக்’ என்றால் பாவம், விட்டுவிடு, ரொம்ப நெருக்காதே. ‘கிவ் மீ எ பிரேக்!’ என்று கண்ணை உருட்டிக்கொண்டு சொன்னால் ‘சும்மா கதை விடாதே’ என்றோ ‘போதும்பா’ என்றோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘மேக் எ பிரேக் ஃபார் இட்’ என்றால் ஓட்டம் பிடித்தான். பிரேக் அப்படியே இருக்கிறது, முன்னால் நிற்கும் வினை மாற மாற பொருள் தலைகீழாகிறது. ஆகவே ‘பிரேக்’ என்ற சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வதில் பிரயோஜனமில்லை, ஜோடியாகப் படியுங்கள்.

ஓய்வு என்ற பொருளில் வருவதுதான் நம் அன்றாடத்தில் அதிகம். டீ பிரேக், லஞ்ச் பிரேக், டாய்லெட் பிரேக். கிட்கேட் விளம்பரத்தில் பிரேக் எடுக்கச் சொல்வதன் குறும்பு இப்போது புரிந்திருக்கும், ஓய்வும் எடுக்கலாம், அந்தக் குச்சியையும் பட்டென்று ஒடிக்கலாம். ஆனால் சிங்கப்பூர்ப் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் ‘பிரேக் டைமில் என்ன சாப்பிட்டாய்’ என்று கேட்டால் ஒரு மாதிரி பார்க்கும். இங்கே அது ‘ரிசஸ்’.

வேலையிடத்தில் இந்தச் சொல்லுக்குச் சட்டத்தின் பலமும் உண்டு. வேலை நியமனச் சட்டத்தின் 4ஆம் பாகம், மாதம் 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் வாங்கும் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும் 2,600 வெள்ளி வரை வாங்கும் மற்ற ஊழியர்களுக்கும் பொருந்தும். அதன்படி பொதுவாகத் தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது. வேலையின் தன்மையால் 8 மணி நேரம் வரை தொடர வேண்டியிருந்தால் சாப்பாட்டுக்குக் குறைந்தது 45 நிமிட பிரேக் கொடுக்க வேண்டும். பொதுவாக ஓய்வு, டீ, சாப்பாட்டு இடைவேளைகள் வேலை நேரக் கணக்கில் சேராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சூப்பர்வைசர் ‘எக்ஸ்க்ளூடிங் பிரேக்’ என்று நேர அட்டவணையில் எழுதியிருந்தால் அர்த்தம் அதுதான்.

இப்போது வாய்ப்பு என்ற பொருள். ‘பிக் பிரேக்’, ‘லக்கி பிரேக்’. ஒருவருடைய வாழ்க்கை ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தது, அதில் ஒரு திருப்பம் விழுந்தது. நம் சினிமா நிருபர்கள் இதை அப்படியே தமிழாக்கி வைத்துக்கொண்டார்கள். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது ‘கரியர் பிரேக்’. அது வேலையில் விழுந்த இடைவெளி. குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டுவிட்டு மறுபடி நேர்காணலுக்குப் போகும் பெண்கள் தங்கள் தன்விவரக் குறிப்பில் இந்தச் சொல்லைத் தயங்காமல் போடலாம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ‘ஐ காட் எ கரியர் பிரேக்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், ‘ஐ டுக்’ என்று சொல்லுங்கள். முன்னால் நிற்கும் வினைதான் ஆளை மாற்றும் என்றேனே.

‘டாக்ஸ் பிரேக்’ என்பது வரிச்சலுகை. தலை மேல் இருந்த சுமையில் கொஞ்சம் தளர்வு, அவ்வளவே.

படி 5: வாலைப் பிடியுங்கள்

பிரேக்குக்குப் பின்னால் டவுன், அப், இன், அவுட், ஆஃப், த்ரூ என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டால் கதை மாறும். இதில் ‘டவுன்’ ஒன்றைச் சரியாகப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, அதனால் அதில்தான் அதிக நேரம் செலவழிக்கப் போகிறேன்.

ரயில், லாரி, இயந்திரம் பழுதாகி நின்றால் பிரேக்டவுன். 2011 டிசம்பரில் வடக்கு-தெற்கு ரயில் பாதை சில நாள் இடைவெளியில் இரண்டு முறை பெரிய அளவில் நின்றுபோய், அதற்கு விசாரணைக் குழுவே அமைத்தார்கள். அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் இந்தச் சொல்தான். மனிதர்கள் அழுகையை அடக்க முடியாமல் உடைந்து போவதும் ‘புரோக் டவுன்’. பேச்சுவார்த்தை முறிவதும் அதேதான். சாப்பாடு வயிற்றில் செரிப்பதும், கிடங்கில் காலி அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக மடக்குவதும் கூட அதுதான். ‘பிரேக் டவுன் த பாக்சஸ்’ என்று சொன்னால் மிதித்து நாசம் செய்யாதீர்கள், டேப்பைக் கிழித்து மடித்து அடுக்குங்கள்.

இதுக்கெல்லாம் மேலே அலுவலகத்தில் வரும் ஒரு பிரேக்டவுன் இருக்கிறது. எங்கள் பக்கத்து யூனிட்டில் ஏர்கான் சர்வீஸ் செய்யும் சிறிய கம்பெனி, அங்கே ஊரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒரு தம்பி. வாடிக்கையாளருக்கு 1,000 வெள்ளிக்கு விலைப்புள்ளி அனுப்பியிருந்தார். பதில் வந்தது: ‘கேன் ஐ ஹேவ் த பிரேக்டவுன்?’ தம்பி பொறுப்பாக உட்கார்ந்து, இரண்டாவது மாடியில் ஒரு மெஷின் தண்ணீர் ஒழுகுகிறது, வரவேற்பறையில் இருப்பது குளிரவே இல்லை, மூன்றாவதில் சத்தம் வருகிறது என்று பழுதுகளின் பட்டியல் அனுப்பிவிட்டார். அந்தம்மா கேட்டது அதுவல்ல, 1,000 வெள்ளி எப்படி வந்தது என்ற கணக்கு. அப்புறம் முதலாளி உட்கார்ந்து ‘ஆள்கூலி 480, நான்கு மெஷினுக்கு கெமிக்கல் வாஷ் 400, கேஸ் நிரப்ப 120’ என்று பிரித்து எழுதி அனுப்பினார். இதில் தம்பியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, ஏர்கான் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு பிரேக்டவுன் என்று கேட்டால் யாருக்கும் மெஷின்தானே ஞாபகத்துக்கு வரும். நினைவில் வையுங்கள்: பணம், எண்ணிக்கை, நேரம் ஆகியவற்றின் பக்கத்தில் பிரேக்டவுன் வந்தால் ‘பிரித்துக் காட்டு’. வண்டி, இயந்திரத்தின் பக்கத்தில் வந்தால் ‘பழுது’. ‘பிரேக் இட் டவுன் ஃபார் மீ’ என்று மேலதிகாரி சொன்னாலும் பிரித்து எளிமையாக விளக்கு என்றுதான்.

‘அப்’ வந்தால் இணைந்திருந்தது பிரிகிறது. காதலர்கள் பிரிவது, இசைக்குழு கலைவது, சண்டை போடுபவர்களை விலக்கிவிடுவது எல்லாம் இதில் அடக்கம். நிச்சயதார்த்தம் நின்றுபோனால் ‘ஆஃப்’. இளவட்டங்கள் ‘வீ ஆர் ஆன் எ பிரேக்’ என்றால் கொஞ்ச நாள் தள்ளி இருக்கிறோம் என்பது, ‘வீ புரோக் அப்’ என்றால் முடிந்துவிட்டது. அத்தைகளும் மாமாக்களும் இந்த வித்தியாசம் தெரியாமல் ஆறுதல் சொல்லப் போக வேண்டாம்.

‘அவுட்’ என்றால் அடங்கியிருந்தது திடீரென்று கிளம்புகிறது. போர் மூண்டது, தீ மூண்டது, முகத்தில் பரு கிளம்பியது, சிறையிலிருந்து தப்பினான். இதையே திருப்பிப் போட்டு ‘அவுட்பிரேக்’ என்றால் நோய்ப்பரவல். 2003-இல் சார்ஸ் வந்தபோதும், வருஷா வருஷம் டெங்கி ஏறும்போதும் கேட்கிற சொல்.

‘இன்’ கொஞ்சம் வேடிக்கை. ‘பிரேக்-இன்’ என்றால் வீடு புகுந்து திருட்டு. ஆனால் புதுச் சப்பாத்தை ‘பிரேக் இன்’ செய்வது என்றால் காலைக் கடிக்காத அளவுக்குப் போட்டுப் பழக்குவது. தேசிய சேவைக்குப் போகும் பையன்கள் பூட்ஸ் விஷயத்தில் இதை அடிக்கடி சொல்வார்கள், கொப்புளத்தோடு வருபவனைப் பார்த்தால் இன்னும் பிரேக் இன் ஆகவில்லை என்று அர்த்தம்.

‘த்ரூ’ சுரங்கம் தோண்டுபவர்களுக்கு நேர்ப்பொருளிலேயே வரும், இயந்திரம் மறுபக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் தருணம் ‘பிரேக்த்ரூ’. ஆராய்ச்சியில் முட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வழி திறந்தாலும் அதே சொல்.

படி 6: காசு விஷயத்தில் வரும் பிரேக்குகளைத் தனியாக வையுங்கள்

‘பிரேக் ஈவன்’ என்றால் போட்ட முதல் வந்துவிட்டது, லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. தேக்கா பக்கம் கடை போட்டவரைக் கேட்டால், வாடகை கட்டி முடித்து இந்த இடத்துக்கு வரத்தான் பெரும்பாடு என்பார்.

‘இட் வோன்ட் பிரேக் த பேங்க்’ என்பதை ‘வங்கியை உடைக்காது’ என்று மொழிபெயர்த்து விளம்பரம் போட்டால் நமக்குத்தான் கேவலம். தமிழில் அதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: கையைக் கடிக்காது. பெரிய நோட்டைச் சில்லறையாக்குவது ‘பிரேக் எ ஃபிஃப்டி’. நாமும் ‘ஐம்பது வெள்ளியை உடைக்க மனசில்லை’ என்கிறோம், ஆகவே இதில் சிரமமில்லை.

படி 7: நேர்ப்பொருளில் எடுத்தால் வம்பில் மாட்டும் நான்கு

முதலாவது, ‘பிரேக் த நியூஸ்’. தமிழில் ஒருவன் விஷயத்தைப் ‘போட்டு உடைத்தான்’ என்றால் நேரம் காலம் பார்க்காமல், எதிரில் இருப்பவர் மனசைப் பற்றிக் கவலைப்படாமல் சொல்லிவிட்டான் என்று ஒரு குறை அதில் ஒட்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பிரேக் த நியூஸ் டு ஹெர்’ என்பதில் அந்தக் குறை இல்லை. கெட்ட செய்தியை முதன்முதலாக ஒருவரிடம் சொல்வது, பெரும்பாலும் பக்குவமாக. ‘ஐ வில் பிரேக் இட் டு தெம் ஜெண்ட்லி’ என்று சொல்லும்போது அது முரண்பாடாகவே அவர்களுக்குத் தோன்றாது. ‘பிரேக்கிங் நியூஸ்’ அதன் தம்பி. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை இடைமறித்து வரும் செய்தி என்று இருந்தது, இப்போது தொலைக்காட்சிக்காரர்கள் நாள் முழுக்க ஓட்டுகிறார்கள்.

இரண்டாவது, ‘பிரேக் த ஐஸ்’. அறிமுகம் இல்லாதவர்களிடையே இருக்கும் இறுக்கத்தைத் தளர்த்துவது. கப்பல் போக முடியாமல் உறைந்து கிடக்கும் நீர்ப்பாதையை உடைத்து வழி செய்வதிலிருந்து வந்தது. ஐஸ் கச்சாங்கில் மட்டும் ஐஸைப் பார்க்கும் நமக்கு அந்தப் படம் மனசில் விழாது, பரவாயில்லை. சமூக மன்றத்துப் பயிற்சி முகாமில் ‘ஐஸ் பிரேக்கர்’ என்று அறிவித்தால் பெயரையும் பிடித்த சாப்பாட்டையும் சொல்லச் சொல்லி ஏதோ விளையாட்டு வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது, ஆனால் தப்பிக்க வழியில்லை.

மூன்றாவது, ‘பிரேக் எ லெக்’. மேடை ஏறப் போகும் கலைஞருக்கு வாழ்த்து. நாடகக்காரர்களிடையே ‘குட் லக்’ என்று சொன்னால் ஆகாது என்ற நம்பிக்கை. எஸ்பிளனேடில் நடனமாடப் போகும் அக்கா மகளுக்குச் சொல்லலாம். வண்டி ஓட்டும் தேர்வுக்குப் போகிறவருக்கோ அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கோ சொல்லிவிடாதீர்கள், பாட்டி காதில் விழுந்தால் சுத்திப் போடுவதோடு உங்களையும் ஒரு வழி செய்துவிடுவார்.

நான்காவது, விளையாட்டு. ஸ்னூக்கரில் ஒருவர் தொடர்ந்து எடுக்கும் புள்ளிகளுக்கு ‘பிரேக்’ என்று பெயர், அதில் 147 உச்சம். டென்னிஸில் எதிராளி சர்வ் போடும் கேமை நாம் வென்றால் பிரேக். அஷ்வின் போட்டது ‘ஆஃப் பிரேக்’, ஷேன் வார்ன் போட்டது ‘லெக் பிரேக்’, பந்து குத்தியதும் நேர்ப்பாதையை விட்டுத் திரும்புவதால் அந்தப் பெயர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ‘பிரேக்கிங்’ என்று ஒரு போட்டி வந்ததே, அது தரையில் சுழன்று ஆடும் நடனம். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடைவெளிக்கு இசைத்தட்டு ஓட்டுபவர்கள் வைத்த பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

படி 8: சிங்கப்பூருக்கே உரியதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே யாரும் லிஃப்ட் ‘புரோக்கன்’ என்று சொல்வது அபூர்வம், ‘ஸ்பாயில்’ என்பார்கள். லிஃப்ட் ஸ்பாயில், போன் ஸ்பாயில், ஃபேன் ஸ்பாயில். தமிழிலும் ‘ஸ்பாயில் ஆயிடுச்சு’ என்று அப்படியே எடுத்துக்கொண்டோம். பேச்சுக்குச் சரி, நகர மன்றத்துக்குப் புகார் எழுதும்போது ‘த லிஃப்ட் ஹேஸ் புரோக்கன் டவுன்’ என்று எழுதுங்கள். வரிசையில் இடையில் புகுவதை ‘பிரேக் கியூ’ என்று சொல்லிவிடாதீர்கள், இங்கே ‘கட் கியூ’.

அப்புறம் ‘சர்க்கிட் பிரேக்கர்’. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாமெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்தக் காலத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர். மற்ற நாடுகள் ‘லாக்டவுன்’ என்றபோது இங்கே மின்சாரப் பெட்டியில் இருக்கும் ஒரு சாதனத்தின் பெயர் வந்தது. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே துண்டித்து வீடு எரியாமல் காப்பாற்றும் கருவி அது. 1987 அக்டோபர் வீழ்ச்சிக்குப் பிறகு பங்குச் சந்தைகள் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டன, விலை கண்மண் தெரியாமல் சரிந்தால் வர்த்தகத்தைச் சற்று நேரம் நிறுத்திவைக்க. இங்கே கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் சங்கிலியைத் துண்டிப்பதற்கு. படி 2-இன் கேள்வியை இதில் போட்டுப் பாருங்கள், விடை உடனே கிடைக்கும். இன்றைக்கும் ‘சிபி சமயத்தில்’ என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் அந்த இரண்டு மாதத்தைத்தான் சொல்கிறார்.

படி 9: பழகிப் பாருங்கள்

கீழே ஐந்து வாக்கியம். உடனே விடைக்குத் தாவாமல், எது தொடர்ந்துகொண்டிருந்தது, முன்னால் என்ன வினை, பின்னால் என்ன வால், ‘விடு’ பொருந்துமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள்.

‘ஷீ புரோக் இன்ட்டு எ ஸ்மைல்.’
‘த ஹீட்வேவ் ஃபைனலி புரோக்.’
‘கேன் யூ பிரேக் டவுன் த ஹவர்ஸ்?’
‘ஹி டிட் இட் வித்தவுட் பிரேக்கிங் எ ஸ்வெட்.’
‘ஹி புரோக் ரேங்க்ஸ் வித் ஹிஸ் பிரதர்ஸ்.’

முதலாவது, இறுகியிருந்த முகத்தில் சட்டென்று சிரிப்பு மலர்ந்தது. இரண்டாவதில் நீண்டுகொண்டிருந்த கடும் வெயில் ஒருவழியாக விட்டது. மூன்றாவதில் நேரம் என்ற சொல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆகவே எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று பிரித்துக் காட்டச் சொல்கிறார். நான்காவது, அலட்டிக்கொள்ளாமல் செய்து முடித்தான், சிங்கப்பூர் வெக்கையில் சும்மா நின்றாலே வியர்ப்பதால் இங்கே இதை நேர்ப்பொருளில் எடுக்க வாய்ப்பேயில்லை. ஐந்தாவது ராணுவத்திலிருந்து வந்தது, வரிசை குலையாமல் நிற்கும் அணியிலிருந்து ஒருவன் விலகுவது. வீட்டை விற்பதா வேண்டாமா என்று அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே பேச்சாக இருக்கும்போது கையெழுத்துப் போடும் நாளில் ஒருவர் மட்டும் மாற்றிப் பேசினால், அவரைத்தான் இப்படிச் சொல்வார்கள்.